அரிசிச் சாக்கும் ஏழாம் மாடி அங்கிளும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஒரு தொடர்மாடியில் நாங்கள் இருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. கட்டடத்தின் பின்னால் ஒரு சரிவு. பனி கொட்டியதும் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான். சறுக்குவண்டி வாங்கித் தர எங்கள் வீடுகளில் யாருக்கும் தோன்றாது. அரிசிச் சாக்கு காலியானதும் அதற்குள் பழைய துணியை அடைத்து மேலே உட்கார்ந்தால் போதும், கடையில் வாங்கிய வண்டிகளையெல்லாம் முந்திக்கொண்டு போகும். எங்கள் சாக்குக்குத்தான் வேகம் அதிகம் என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த வருடம் பனி விழுவதற்குச் சற்று முன்னர்தான் நான் பெரியபிள்ளையாகி, எனக்குச் சாமத்தியவீடு நடந்தது. வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்களில் ஏழாம் மாடி அங்கிளும் ஒருவர். எங்களுக்கு முன்பே கனடா வந்தவர் என்பதால், கட்டடத்துத் தமிழர் எல்லோருக்கும் தானே பொறுப்பு என்று அவருக்கு நினைப்பு. பல்கனியில் நின்று சிகரெட் பிடித்தபடி கீழேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் சறுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு முகம் சிவந்து நிற்கிறார்.

“பெடியளோடை பனிக்குள்ளை கிடந்து உருளுறியாம். நீ இப்பவும் சின்னப் பிள்ளையே? இனிக் கீழை போக வேண்டாம். தடிமனும் வரும்.”

“அப்ப தம்பிக்குத் தடிமன் வராதோ?”

“அவன் ஆம்பிளைப் பிள்ளை.”

தடிமன் ஆள் பார்த்தா வரும்? எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. அதிலும் பெரிய அநியாயம், அங்கிள் சொன்ன ‘பெடியள்’ கூட்டத்தில் அவருடைய சொந்த மகனும் ஒருவன்! அவன் உருளலாம். என் சாக்கு தம்பி கைக்குப் போனது. நான் எங்கள் நான்காம் மாடி வீட்டு ஜன்னலில் நின்று, என் சாக்கில் மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வேலைக்குப் போயிருந்தார். தம்பி சாப்பாட்டு நேரமாகியும் மேலே வரவில்லை. அம்மா அப்பாவின் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, ஏசியபடியே கீழே போனார். சரிவின் உச்சியில் நின்று கையை வீசிக் கத்தியவருக்குக் கால் வழுக்கிவிட்டது. விழுந்து இருந்த இருப்பிலேயே கீழே வரைக்கும் போய்விட்டார். நான் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எழும்பவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறார்! இந்த நாட்டுக்கு வந்தபிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு மேலே ஏறிப்போய், தம்பியிடம் சாக்கைப் பறித்து, அதில் உட்கார்ந்து இன்னொரு தரம் சறுக்கினார்.

அவர் வீடு வந்து சேர முதலே தொலைபேசி அடித்தது. அதே அங்கிள்.

“அப்பா நிக்கிறாரோ? வந்த உடனை எனக்கு எடுக்கச் சொல்லு. உங்கட அம்மா பெடியளோடை கீழை சறுக்குறா. சனம் பார்க்குது.”

அந்த நேரம் கதவு திறந்தது. தலைமயிரெல்லாம் பனியாக அம்மா. அங்கிள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். ரிசீவரைப் பறித்தார்.

“அண்ணை, நான்தான் கதைக்கிறன். ஓம், சறுக்கினனான். நாளைக்கும் சறுக்குவன். உங்கட மகனும்தான் சறுக்குறவர், அவரின்ரை அப்பாட்டை ஆர் சொல்லுறது?”

டக்கென்று வைத்தார். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“அவர் என்னைப் பற்றிச் சொல்லேக்கை ஏன் அம்மா உப்பிடிக் கேக்கேல்லை?”

அம்மா என் ஜக்கெற்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“சாக்கு தம்பியிட்டை இருக்கு. இருட்ட முதல் வா.”

ஓடினேன். சறுக்கினேன். ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை முழுதாக ஆறவில்லை. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அம்மாவுக்கும் தனக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. அதுவரை நான் ஜன்னலில் நின்றேன்.

இப்போது என் வீட்டுப் பல்கனிக்குக் கீழேயும் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ஆசையாகப் பார்ப்பேன். ஆனால் போனை உள்ளே வைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். மேலே நிற்கிறவர் சொல்லும் ஒரு சொல், கீழே ஒரு பிள்ளையின் பனிக்காலத்தையே பறித்துவிடும் என்பதை நான் மறக்கவில்லை.