மாமி சொன்ன புலம்பல்

மறுநாள் மாமாவின் அந்தியேட்டி, இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு. எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் புலம்புவதாகப் பாட்டு. பாட்டை அச்சகத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள், பெயரை மாற்றினால் போதும். மாமி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "என்ரை மனுசனுக்கு நான்தான் சொல்லுவன்" என்றுவிட்டார். முன்தினம் அவர் புலம்பலைச் சொல்லச் சொல்ல, நான் லப்டொப்பில் தட்டினேன். தாளில் ஒரு வரிகூட இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். லப்டொப்பில் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு இரண்டு கிழமை ஆன திமிர் எனக்கு. அதில் டெஸ்க்டொப்பின் தோற்றத்தையே கழற்றிவிட்டு வேறொன்று போடலாம் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். அன்று காலையில் மாமி வீட்டு விறாந்தையில் இருந்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் போட்டும்விட்டேன். திரும்பத் திறந்தால் ஒரு மலைப் படம், வேறொன்றுமில்லை. திரையில் வைத்திருந்த கல்வெட்டுக் கோப்பைக் காணோம்.

பன்னிரண்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் அடிக்க முடியாது என்று நெல்லியடி அச்சகக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மணி பத்தரை. லப்டொப்பில் லொக்-அவுட் செய்து, பழைய தோற்றத்தைத் தெரிவுசெய்து திரும்ப நுழைந்தேன். கறுப்புத் திரை, நடுவில் அம்புக்குறி மட்டும். மூன்று தரமும் அதேதான். போனில் தேடினால் ஒருவன் ஒன்றைச் சொல்கிறான், அதைச் செய்தால் எல்லாம் போய்விடும் என்கிறான் மற்றவன். சும்மா கிடந்ததைக் கிண்டி, எனக்கு இது தேவையா!

"தம்பி, அனுப்பிப்போட்டியே?" மாமி வாசலில் நின்றார்.

"ஓம் மாமி, இந்தா..." பொய் வாயில் நிற்கவில்லை. "நீங்கள் சொன்னதைக் காணேல்லை மாமி. நான்தான் துலைச்சுப்போட்டன்."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"திருப்பிச் சொல்லச் சொல்லாதை. என்னாலை ஏலாது."

புதுத் தோற்றத்துக்கே திரும்பி, கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். 'டெஸ்க்டொப்' என்று ஒரு கோப்புறை. அதற்குள் கல்வெட்டு அப்படியே கிடந்தது. இந்தப் புதுசு கோப்புகளைத் திரையில் காட்டாதாம், அவ்வளவுதான் விசயம்.

வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் மாமி சுவரைப் பார்த்தபடி, மாமாவிடம் சொல்வதுபோல் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"நெஞ்சு நோகுதெண்டு சொன்னனீங்கள். வாய்வெண்டு நான் இஞ்சித் தண்ணி தந்தன். ஆசுப்பத்திரிக்குப் போவமெண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நான்..."

முன்தினம் சொன்னதில் இது இல்லை. யாரிடமும் இதை அவர் சொன்னதில்லை. நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவராக நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாமி, முந்தினது கிடைச்சிட்டுது" என்றேன்.

"எப்ப?"

"நீங்கள் தொடங்கமுன்னம்."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஏனடா என்னைச் சொல்ல விட்டனீ?"

பதினொன்றரைக்கு, முந்தினதையே அச்சகத்துக்கு அனுப்பினேன்.