ஒட்டுப்பால் புகை

தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அடுப்பைப் பற்றவைப்பது ஒட்டுப்பாலால்தான். றப்பர் மரத்தில் பால் வெட்டி எடுத்த பிறகு, வெட்டுக் கோட்டிலும் சிரட்டையின் அடியிலும் கொஞ்சம் பால் உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் அதை உரித்துப் பையில் போட்டுத் தோட்டத்து ஸ்டோருக்குக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பிடியை மடியில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவருவோம். கங்காணிக்கும் தெரியும். அவர் வீட்டு அடுப்பும் அப்படித்தான் எரிந்தது. தெஹியோவிட்ட பக்கம் வருடத்தில் பாதி நாள் மழை. விறகு காய்வதே இல்லை. ஈர விறகுக்கு நடுவே விரல் அளவு ஒட்டுப்பாலைச் செருகித் தீக்குச்சியைக் காட்டினால், கறுப்பாகப் புகை கக்கிக்கொண்டு பற்றிக்கொள்ளும். அந்தப் புகையில்தான் பிறந்தோம், சமைத்தோம், ஈரத் தலையைக் காயவைத்தோம். அதற்கு ஒரு வாடை உண்டு என்று நாற்பத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது.

நான் பேசக் கூச்சப்படுகிறவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை இருந்தேன். அங்கேயும் வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன். பிறகு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுக்கும்போது என் குரல் கங்காணிக்குக் கேட்காது. "நீ வந்திருக்கியா, இல்ல ஒன் நெழல அனுப்பியிருக்கியா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் குனிந்துகொண்டு சிரிப்பேன். யார் என்ன சொன்னாலும் எனக்குள்ளேயே போட்டுக்கொண்டு பழகிவிட்டேன்.

மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது என் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். அவள் ஒருத்திதான் எனக்கு. என்னைப் போல இல்லாமல் நன்றாகப் பேசுவாள். சிங்களமும் தண்ணீராக வரும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வரக்காப்பொலயில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். கடைக்காரர் எங்கள் ஆட்கள்தான், இந்தியாவிலிருந்து வந்த வம்சம். ஆனால் அவர்கள் கடைக்கு வந்தவர்கள், நாங்கள் காட்டுக்கு வந்தவர்கள். அந்த வீட்டு மகனுக்கு இவளைப் பிடித்துப்போய்க் கல்யாணமும் நடந்தது. அப்போது தோட்டங்களைக் கம்பெனிக்காரர்கள் எடுத்து ஐந்து வருடம் போல இருக்கும். மாப்பிள்ளையின் தாய் கல்யாணத்தன்று என்னிடம் ஒரே ஒரு வார்த்தை பேசினார்: "சாப்பிட்டீங்களா?" அதுவே எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

மறு வருடம் மகள் உண்டானாள். தலைப்பிள்ளைக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு செய்து கொண்டுபோய், சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் கொடுத்து, பெண்ணை அழைத்து வர வேண்டும். நான் முன்னதாகவே கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. வராவிட்டால் என்ன, சம்மதம்தானே என்று எடுத்துக்கொண்டேன். லயத்தில் எனக்கிருந்த காம்பிரா அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கட்டிலுக்குப் புதுப் பாய் வாங்கினேன். பக்கத்துக் காம்பிரா மதினி தன் சேலையொன்றைக் கிழித்துத் தொட்டிலுக்கு என்று மடித்துக் கொடுத்தார்.

போகிற நாளுக்கு முன் நான்கு நாள் விடாத மழை. விறகெல்லாம் சொதசொதவென்று இருந்தது. விடியற்காலையில் எழும்பி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஒட்டுப்பாலை அடுப்பில் வைத்தேன். புளிச்சோறு, தேங்காய்ச் சோறு, தேசிக்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை. அத்தனையையும் வாழையிலையில் கட்டி, புது வாளியில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடினேன். கூட வருவதாக இருந்த மதினிக்குக் காலில் ஆணி குத்திவிட்டதால் நான் தனியாகவே கிளம்பினேன். ருவன்வெல்லையில் பஸ் மாறினேன். வாளியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

சம்பந்தி வீடு கடைக்கு மேல் மாடியில். மாப்பிள்ளையின் அக்காவும் இன்னும் இரண்டு சொந்தக்காரப் பெண்களும் இருந்தார்கள். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. நான் வாளியை நடுவில் வைத்துத் துணியை எடுத்தேன். இலைக்கட்டைப் பிரித்தேன்.

முதலில் அந்த அக்காதான் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார். சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார்.

"என்னாங்க இது? கட்டுச்சோறா, இல்ல எங்கயாச்சும் டயரு கொளுத்துன எடத்துல இருந்து அள்ளிட்டு வந்தீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"தேங்கா நல்ல தேங்காங்க," என்றேன்.

"தேங்காயில என்னா கொற? ஜன்னலத் தொறங்கடி. புள்ளத்தாச்சிக்குக் கொமட்டப் போவுது."

நான் மகளைப் பார்த்தேன். பதினேழு வருடம் அந்த அடுப்புச் சோற்றைத் தின்றவள். இவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் எழும்பி வந்து இலையை மூடினாள்.

"அம்மா, ஒங்களுக்கு மூக்கே இல்லயா? இதப் போயி இங்க தூக்கிட்டு வருவீங்களா? என்னய மானங்கெடுத்தணும்னே வந்தீங்களா?"

என்னை எப்போதும் நீ என்று கூப்பிடுகிறவள்.

"ஒன்னய கூட்டிட்டுப் போலாம்னு..." என்றேன்.

"நான் வரல. அந்தப் பொகைக்குள்ள கெடந்து நான் புள்ள பெத்துக்க மாட்டேன். பொறந்தா நாங்களே சொல்லியனுப்புறோம். அதுவரைக்கும் நீங்க இங்க வராதீங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ருவன்வெல்லை பஸ் ஸ்டாண்டில் வாங்கில் உட்கார்ந்து, துணியைத் தூக்கி, தலையை வாளிக்குள் விட்டு மோந்து பார்த்தேன். புளியும் நல்லெண்ணெயும் மணத்தன. மறுபடியும் மோந்தேன். ஒரு வாய் எடுத்துத் தின்றேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரிந்திருந்தாலாவது, என் மேல்தான் பிழை என்று மனசு ஆறியிருக்கும்.

கட்டுச்சோறு திரும்பி வரக் கூடாது. லயத்தில் என்ன சொல்வது? மதினி நொண்டிக்கொண்டு வீட்டு முன் இஸ்தோப்பில் நின்றார். "எங்க, எம் மருமக எங்க?"

"டாக்டரு அசையக் கூடாதுன்னுட்டாராம். லயத்து ஆளுங்களும் சாப்பிடட்டும்னு சம்பந்தியம்மா பங்கு குடுத்து விட்டாங்க."

"பாருங்களேன், பெரிய மனசு!" என்ற மதினி வீடு வீடாகப் பகிர்ந்தார். எல்லோரும் தின்றார்கள். "புளிச்சோறுன்னா இதான் புளிச்சோறு," என்று விரலை நக்கினார்கள். ஒருவருக்கும் வாடை தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

மறுநாள் வெயில். பால் வெட்டப் போனேன். மரத்தை வெட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் கட்டைக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு மயிரிழை பட்டை மிச்சமிருக்க வேண்டும். கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்தக் காயம் ஆறும்போது முடிச்சாக வீங்கும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. இருபத்தைந்து வருடத்தில் நான் காயம் வைத்த மரங்களைக் கை விரலில் எண்ணிவிடலாம்.

அன்று முதல் மரத்தில் கத்தியை வைத்ததும், "மூக்கே இல்லயா?" என்று அவள் குரல் கேட்டது. கத்தி உள்ளே இறங்கியது. நல்லாயிருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நல்லாத்தான் இருந்தது. அடுத்த மரத்துக்குப் போனேன். நான் அங்கே சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒவ்வொரு மரமாகச் சொல்லிக்கொண்டே போனேன். நீ எந்தச் சோத்தத் தின்னு வளந்த? ஒன் தலையில மணத்தது எந்தப் பொகை? ஒரு வரிசை முழுவதும் முடிந்தது.

பக்கத்து மலையில் வெட்டுகிற சிங்கள அக்கா சிரட்டை கவிழ்க்க வந்தவர் நின்றுவிட்டார். மரத்தைத் தடவிப் பார்த்து, "அனே, கஹ பவ்," என்றார். ஐயோ, மரம் பாவம் என்று அர்த்தம். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பால் கோட்டில் நிற்காமல் பட்டை முழுவதும் வழிந்து வேர்மூட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு நடுவே வெள்ளைக் கட்டை தெரிந்தது.

கங்காணி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். "என்னா தங்கச்சி, மரத்த வெட்டுனியா, ஆட்ட வெட்டுனியா? நீயா செஞ்ச? வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனே!"

கத்தியை வாங்கிக்கொண்டு என்னைப் புல்லுவெட்டுக்குப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் கத்தி திரும்பக் கிடைத்தது. அதே மலைதான், அதே வரிசைதான். முடிச்சுகள் வீங்கியிருந்தன.

சொல்லியனுப்புகிறோம் என்றாளே, அதற்காகக் காத்திருந்தேன். வசம்பு கோத்து ஒரு சின்ன வளையல் செய்து றங்குப் பெட்டியில் வைத்தேன். பிள்ளை பிறந்ததை அவர்கள் கடைக்குத் துணி வாங்கப் போன ஒருத்தி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெண் பிள்ளையாம். பிள்ளைக்கு முப்பத்தொன்று கழிக்கிற நாளும் போனது, முதல் வருடமும் போனது. யாரும் வரவில்லை. நானாகப் போயிருக்கலாம். வராதே என்று சொன்னவள் வா என்று சொல்லட்டும் என்று இருந்தேன். கூச்சக்காரிக்கு ரோஷம் இருக்காது என்று நினைப்பார்கள். வெளியே விட வழி இல்லாததால் அது எனக்குள்ளேயே கிடந்து புளித்தது. அவள் எப்போதாவது வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று மரத்துக்கு மரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வெட்டினேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் பேச்சு கூராகியது. அடுப்பில் ஒட்டுப்பால் வைப்பதையும் நிறுத்திவிட்டேன். தென்னம்பாளையும் மண்ணெண்ணெயும்தான்.

ஏழு வருடம் போனது. கடல் பொங்கிக் கரையோரத்து ஊர்களை அள்ளிக்கொண்டு போனதே, அதற்கு மறு வருடம். ஒரு வாரமாக மழை. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. மதினியிடம் ஒரு துண்டு ஒட்டுப்பால் வாங்கிச் செருகினேன். அன்று பகலில் அவள் வந்தாள். இஸ்தோப்பில் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். கூடவே ஒரு பெண் பிள்ளை. நான் அடுப்படியிலிருந்து எழும்பி வந்தேன். மெலிந்திருந்தாள்.

"அம்மா," என்றாள். "எப்படி இருக்க?"

நான் வாயெடுப்பதற்குள் பிள்ளை இருமியது. மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, நாத்தம்," என்றது.

"ச்சீ, அப்படிச் சொல்லக் கூடாது. இது அம்மாச்சி வீடு," என்று மகள் அதட்டினாள்.

அவள் அதட்டியது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏழு வருடம் சொல்லிப் பார்த்த பேச்சு அதற்குள் வாய்க்கு வந்துவிட்டது.

"நாத்தம் புடிச்ச வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க? ஒங்களுக்கு மூக்கு இருக்குல்ல? எனக்குத்தான் இல்ல. பொகைக்குள்ள வராதீங்க. நான் சொல்லியனுப்பறேன், அப்ப வாங்க."

ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. பக்கத்துக் காம்பிராக்களில் எல்லாம் பேச்சு நின்றுவிட்டது. என் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்கே தெரியாது.

நன்றாகப் பேசத் தெரிந்தவள், என்னைப் போலவே குனிந்து நின்றாள். பிறகு குடையை விரித்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அப்போதுதான் அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தேன். ஒரு நாள் பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள் கொண்டுவருகிற பை இல்லை அது. பெரிய பை, வாய் மூடாமல் துணி பிதுங்கிக்கொண்டிருந்தது.

"கூப்பிடுங்க, போறா பாருங்க, கூப்பிடுங்க!" என்று மதினி கத்தினார். எனக்குக் கத்த வரவில்லை. இருந்த குரல் அதற்கே செலவாகிவிட்டது. ஆணி குத்திய நாளிலிருந்து ஆறாத நொண்டிக் காலோடு மதினிதான் றோட்டு வரைக்கும் ஓடினார். பஸ் போய்விட்டிருந்தது.

எதற்கு வந்தாள், அந்தப் பையோடு எத்தனை நாளுக்கு வந்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு வரக்காப்பொலக்குப் போனேன். அங்கே துணிக்கடை இல்லை. அந்த இடத்தில் ஒருவர் போன் விற்றுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "ஒக்கொம கியா, அம்மே," என்றார். எல்லோரும் போய்விட்டார்களாம். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. எதிர்க்கடைக்காரர் கொழும்பு என்றார். அவருடைய மனைவி இந்தியா என்றார். என் மகளும் அவர்களோடு போனாளா, தனியாகப் போனாளா என்று கேட்க நினைத்தேன். கூச்சமாக இருந்தது. கேட்காமலேயே பஸ் ஏறினேன்.

அது நடந்து நாலு வருடமாகிறது. நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். அந்த மலையில் மரங்களைப் பிடுங்கிப் புதுக் கன்று வைத்துவிட்டார்கள். பிடுங்கிய மரத்தை லயத்துக்கு விறகாகக் கொடுத்தார்கள். என் பங்கில் முடிச்சு வைத்த கட்டைகளும் வந்தன. நான் வைத்த காயமா, வேறு யாரும் வைத்ததா என்று பார்க்கவில்லை. முடிச்சு லேசில் பிளக்காது. அப்படியே அடுப்பில் தள்ளினேன்.

மழை நாளில் இப்போதும் ஒட்டுப்பால்தான் வைக்கிறேன். இனி யாருக்குப் பயந்து நிறுத்துவது? சோறு வெந்ததும் மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். அவளுக்குத் தெரிந்தது, அந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது, எனக்கும் ஒரு நாளாவது தெரியாதா என்று பார்ப்பேன். ஒன்றும் தெரிவதில்லை. சோற்று மணம்தான் வருகிறது.