கிவா ஊற்றிய சாறு

கிவாவின் நாக்கு கோதுமையில் வளர்ந்தது. ஜப்பானின் ககாவாவில் அவள் அப்பாவுக்கு உதோன் கடை, கோதுமை மாவில் செய்யும் தடித்த நூடுல்ஸ். ஐந்து வயதில், பிசைந்து துணியில் பொதிந்த மாவின் மேல் ஏறி மிதித்துப் பதப்படுத்தப் பழகினாள். கொஞ்சம் அதிகமாக மிதித்தாலும் அப்பா திட்டுவார். குறைவாக மிதித்தால் அதற்கும் திட்டுவார். இருபத்து மூன்று வயதில் யசுஜியைக் கட்டிக்கொண்டு நாகானோ மலைக்கு வந்தாள். அங்கே எல்லோரும் ஸோபா சாப்பிடுகிறவர்கள், பக்வீட் என்கிற மலைத் தானிய மாவில் செய்யும் மெல்லிய நூடுல்ஸ். அவள் அதுவரை ஒரு இழைகூடத் தின்றதில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் யசுஜியின் அண்ணன் தோகுசோவின் கடையில் விருந்து. நாற்பது பேர். தட்டையான மூங்கில் தட்டில் குளிர்ந்த ஸோபா வந்தது, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ளச் சாறு. அவள் ஊரில் உதோன் மேல் சாற்றை ஊற்றித்தான் தின்பார்கள். கிவா கிண்ணத்தைத் தூக்கி அப்படியே ஊற்றினாள். சாறு மூங்கில் இடுக்கு வழியாக இறங்கி, மேசையில் ஓடி, மாமனாரின் பட்டு உடுப்பை நனைத்தது.

தோகுசோதான் முதலில் வாயைத் திறந்தான்.

"என்னம்மா, ஸோபாவைக் குளிப்பாட்டுறியா? சோப்பு கொண்டுவரச் சொல்லட்டுமா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். யசுஜிகூடக் குனிந்துகொண்டு சிரித்தான். கிவா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஸோபா வாயில் படவே இல்லை. அன்றே முடிவு செய்தாள், இந்தத் தோகுசோவின் முட்டி இதே சாற்றில் நனைகிற வரைக்கும் ஸோபா தின்பதில்லை என்று.

தோகுசோ அந்தக் கதையை விடவில்லை. அவள் கடை வாசலில் தலை காட்டினால் போதும்.

"ஏய், துண்டு எடுத்து வைங்கப்பா! கிவா வர்றா!"

புத்தாண்டுக்கு ஒரு தரம், திருவிழாவுக்கு ஒரு தரம், மாமனாரின் சாவு வீட்டில்கூட ஒரு தரம். பதினேழு வருடம். கிவா ஒவ்வொரு முறையும் பல் தெரியச் சிரித்தாள். கூட்ட நாட்களில் அவன் கடையில் பாத்திரம் கழுவித் தந்தாள். "நல்ல பொண்ணுப்பா, மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா" என்றார்கள் ஊரில்.

தோகுசோவின் கடைப் பலகையில், பத்துப் பங்கும் ஸோபா மாவு, கோதுமை கலப்பில்லை என்று பெரிதாக எழுதியிருக்கும். அவன் பெருமையெல்லாம் அதில்தான். வெறும் ஸோபா மாவைச் சேர்த்துப் பிடிப்பது லேசில்லை. கையில் வலு வேண்டும், இல்லாவிட்டால் இழை உதிர்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் பனியில் வழுக்கி விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டான். அடுத்த மாதமே கடை திறந்தான். இழை முன்னைவிட நீளமாக வந்தது.

அந்த மாதம்தான் கிவா அவனுடைய பிசையும் தொட்டியைக் கழுவினாள். விளிம்பில் காய்ந்திருந்த மாவு எப்போதும் பொடியாக உதிரும். அன்று தோல்போல உரிந்து வந்தது. அவள் அதை விரலில் சுற்றிப் பார்த்தாள். அப்பாவின் கடைத் தொட்டியில் வருடக்கணக்காக உரித்த அதே கோதுமைத் தோல். அவனுடைய தோள் வலியும் அவளுக்குத் தெரியும், மருந்து தேய்த்துவிட்டவளே அவள்தான். இருந்தும் இரக்கம் வரவில்லை. தொட்டியைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். யசுஜியிடம்கூடச் சொல்லவில்லை.

நவம்பரில் புது மாவு வந்ததும் பள்ளத்தாக்கின் ஸோபா கடைக்காரர்கள் தோகுசோவின் கடையில் கூடினார்கள். அவனைச் சங்கத் தலைவராக்கப் போகிறார்கள். விருந்து கொடுக்கிறவன் ஸோபாவை யாரும் குறை சொல்லக் கூடாது, அது அங்கே வழக்கம். எல்லோரும் உறிஞ்சினார்கள், தலையாட்டினார்கள். மூத்த கடைக்காரர் ஹன்பெய் மட்டும் இரண்டாம் வாய்க்கு முன் கொஞ்சம் தயங்கினார்; பிறகு அவரும் உறிஞ்சினார்.

கிவா பரிமாறி முடித்துவிட்டு, கடைசித் தட்டை எடுத்துக்கொண்டு தோகுசோவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, இன்னிக்கு நானும் சாப்பிடறேன்."

"அடடே! துண்டு எடுத்து வைங்கப்பா!"

சிரிப்பு எழுந்தது. அவள் குச்சியால் நாலு இழை எடுத்தாள். சாற்றில் தொடாமல் வாயில் போட்டாள். முதலில் மண் வாசனை, லேசாக ஒரு கசப்பு. நன்றாகத்தான் இருந்தது. பதினேழு வருடம் இதையா விட்டோம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கடுத்து, பல்லுக்கடியில், அந்தப் பழைய இழுவை.

"அண்ணா, இதுல கோதுமை இருக்கு."

"உதோன்காரி பேசறா பாருங்க!" தோகுசோ சிரித்தான். ஆனால் கை சாகே மதுப் புட்டியைத் தேடியது. "முதல் தடவை ஸோபா தின்னறவளுக்கு என்ன தெரியும்?"

"ஸோபா தெரியாது. கோதுமை தெரியும். அஞ்சு வயசுலேருந்து மிதிச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஹன்பெய்யைப் பார்த்தார்கள். அவர் ஒரு இழையை எடுத்து, உறிஞ்சாமல், மெதுவாக மென்றார். குச்சியைக் கீழே வைத்தார்.

"தோகுசோ. எத்தனை பங்கு?"

"என்ன ஐயா நீங்க, இவ சொல்றான்னு..."

"எத்தனை பங்குடா?"

தோகுசோ வலது தோளைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு."

வாசல் பக்கம் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து செருப்பைத் தேடினார். பின்னாலேயே இன்னும் இருவர். தலைவர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. யசுஜி அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். "போதும் கிவா, வா."

"சாப்பாடு இன்னும் முடியலையே."

அவள் சாற்றுக் கிண்ணத்தைத் தூக்கினாள். எல்லோரும் பார்க்க, நிதானமாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஸோபாவின் மேல் ஊற்றினாள். சாறு மூங்கில் இடுக்கில் இறங்கியது. மேசையின் மறுபக்கம் ஓடியது. தோகுசோ நகரவில்லை. அது விளிம்பில் தேங்கி, அவன் முட்டியில் சொட்டத் தொடங்கியது.

கிவா குச்சியால் இரண்டு வாய் அளவு எடுத்து, சத்தமாக உறிஞ்சித் தின்றாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"சோப்பும் வேணுமா அண்ணா?"