மறைய மேடில்லாத ஊர்

சாந்தாமணி தன் கணவரின் முகத்தைவிட முதுகை அதிகம் பார்த்தவள். கோபிச்செட்டிபாளையத்தில் தாலி கட்டி மண்டபப் படி இறங்கிய நிமிடத்திலிருந்து சேனாபதி முன்னால் நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். நியூஜெர்சிக்கு வந்தும் அது மாறவில்லை. ஐசலின் கடைத்தெருவில், விமான நிலையத்தில், மகள் வான்மதியின் பள்ளி விழாவில்கூட அவருடைய சாம்பல் நிற ஜாக்கெட் ஏதாவது ஒரு திருப்பத்தில் மறையும். "ஏனுங்க, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே அவள் ஓடுவாள்.

இப்போது அந்தக் கால்களால் ஓட முடிவதில்லை. எடிசனில் ஒரு கிடங்கில் சென்ட் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். முழங்கால் தேய்ந்துவிட்டது, மேடு ஏறவே கூடாது என்றார் டாக்டர்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தும் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த சேனாபதிக்கு லீவு கிடைத்தது. சுவிட்சர்லாந்து போகலாம் என்றார்.

"நோ வே, அப்பா! அம்மா கான்ட் கிளைம்ப்" என்றாள் வான்மதி. "ஹாலந்து போங்க. ஹோல் கன்ட்ரி ஃபிளாட். லைக் அ தோசை."

"தோசையப் பாக்கவா கண்ணு அவ்வளவு தூரம் போறது?" என்று சிரித்தாலும் டிக்கெட் புக் பண்ணிவிட்டார்.

அந்தப் பயணத்தில் அவரை ஒருமுறைகூடக் கூப்பிடுவதில்லை என்று சாந்தாமணி முடிவு செய்தாள். தானாகத் திரும்பிப் பார்க்கிறாரா, பார்ப்போம். பார்க்காவிட்டால், டெக்சாசில் ஆலன் என்ற ஊரில் இருக்கும் தங்கை வள்ளி வீட்டுக்குப் போய்விடலாம். "என்கூட வந்து இரு அக்கா" என்று அவளும் ஒரு வருடமாகச் சொல்கிறாள். சண்டை போட்டுப் போவதல்ல. சண்டைக்கும் தெம்பு வேண்டுமே!

ஆம்ஸ்டர்டாமில் அவர் திரும்பவில்லை. டிராமில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளைத் தேடினார். மியூசியத்தில் அதுவும் இல்லை.

கடைசி நாள் காற்றாலைகளைப் பார்க்கப் போனார்கள். வாய்க்கால் கரையோடு நேர்ப்பாதை. இரு பக்கமும் புல்வெளி, மாடுகள். சேனாபதி நடந்தார். சாந்தாமணியின் முழங்கால் பாதியிலேயே மறுத்துவிட்டது. கரைச் சரிவில் இறங்கி, புல்லில் உட்கார்ந்தாள்.

அவர் போய்க்கொண்டே இருந்தார். ஆள் கட்டைவிரல் அளவானார், பிறகு எறும்பானார். ஆனால் மறையவில்லை. மறைய அங்கே ஒரு திருப்பமில்லை, ஒரு மேடில்லை. தன்னை விட்டுப் போகும் முதுகை முழுவதுமாகப் பார்த்து முடிக்கும் கொடுமையை அந்த ஊர்தான் அவளுக்குக் கொடுத்தது. 'ஏனுங்க' என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். கண்ணில் நீர் முட்டியது.

எறும்பு நின்றது. திரும்பியது.

பாதையில் அவள் இல்லை. அவர் இங்கும் அங்கும் பார்த்தார். குனிந்து வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தார். அடுத்த கணம் ஓடி வரத் தொடங்கினார்.

"சாந்தா! ஏ சாந்தா!"

சைக்கிளில் போன வெள்ளைக்காரி திடுக்கிட்டுத் திரும்பினாள். சாந்தாமணி மெல்லக் கையை உயர்த்தினாள். அவர் முகம் தூரத்திலிருந்து தன்னை நோக்கி வருவதை அவள் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. வியர்வையும் பயமுமாக, வயதாகிப்போன முகம்.

"ஏம்புள்ள, ஒரு சத்தம் குடுக்கறதுக்கென்ன? தண்ணில உளுந்துட்டயோன்னு..." மூச்சு வாங்கியது.

"கூப்புட்டுக் கூப்புட்டுச் சலிச்சுப் போச்சுங்க."

அவர் பொத்தென்று பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம்.

"நீ கத்தற சத்தம் பின்னால கேட்டுட்டே இருக்கும். நீ வர்றேன்னு நெனச்சுட்டு நடப்பேன். இன்னைக்குத்தான் சத்தத்தையே காணோம்."

சிரிப்பதா அழுவதா? இரண்டுக்கும் அலுப்பாக இருந்தது அவளுக்கு. பையைத் திறந்து புளிசாதத்தை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

எழுந்தபோது, பழக்கதோஷம், அவர்தான் முன்னால் போனார். நாலு எட்டு வைத்தார். பிறகு, யாரும் கூப்பிடாமலே, நின்றார்.