அக்கா மிச்சம் வைத்த தண்ணீர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன், எழுத்துப்பிழையும் நிறைய வரும். நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. அக்கா மகள் திருத்திக் கொடுத்த பிறகும் தவறு இருந்தால், அக்காவின் இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா ஒரகடம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். இருங்காட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டார். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே மாமா காலமாகிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டார். அதில்தான் மகளை ஆளாக்கினார்.

ஒரு கோடையில் போர்வெல் வற்றியது. காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், பிறகு வெறும் காற்று. பிள்ளைகள் வேறு அறை தேடத் தொடங்கினார்கள். அறை காலியானால் அடுப்பு எரியாது. அக்கா அழவில்லை. குளிக்கிற தண்ணீரை வாழைக்குத் திருப்பினார். துணி அலசிய தண்ணீர் வாளி வாளியாகக் கழிப்பறைக்குப் போனது. அரிசி கழுவியது கறிவேப்பிலைக்கு. மழைக்காலம் வருவதற்குள் மொட்டைமாடியிலிருந்து குழாய் இறக்கி, மணலும் கரியும் போட்ட தொட்டி வழியாக மழைநீரைத் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் சேர்க்க வழி செய்தார். பிள்ளைகள் ஒருவரும் போகவில்லை.

ஒருநாள் அறைப் பிள்ளைகளில் ஒருவர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். மேல்தொட்டி வழிந்தது. அக்கா கீழே குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டே கூப்பிட்டார்.

"இன்னாப்பா, டேங்க் அழுவுது, நீ கொறட்ட வுட்டுகினு கீற?"

"நைட் ஷிப்டுக்கா, கண்ணசந்துட்டேன். ஏசாதிய."

"ஏசல. வந்து அந்தக் குண்டானப் புடி. இன்னைக்கு உனுக்குக் குளியல் இங்கியேதான்."

அப்படிப்பட்ட அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிஸ் செய்த டாக்டர், குடிக்கிற தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். மீறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். காலையில் சின்ன பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பது என் வேலை. அன்று முழுவதற்கும் அவ்வளவுதான்.

"ஊருக்கே தண்ணி மிச்சம் புடிச்சேன். இப்ப டாக்டரு என் தொண்டையில மிச்சம் புடிக்கிறாரு" என்று சிரிப்பார். வெயில் ஏறிய பிறகு சிரிப்பு இருக்காது. மேல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் படுக்கைக்குக் கேட்கும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டபடி கிடப்பார்.

"தம்பி, ஒரே ஒரு வாயிடா."

"வேணாங்க்கா. பாட்டில்ல கீறதத் தவிர வேற தரக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

"சரி, வுடு. நீ இன்னா பண்ணுவ."

அக்கா கேட்டு நான் இல்லை என்று சொன்னது வாழ்நாளில் அது ஒன்றுதான். தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

பாட்டிலிலும் அக்கா கொஞ்சம் மிச்சம் வைப்பார். தாகம் தாங்க முடியாமல் போனால் இருக்கட்டும் என்பார். ஒரு விடியற்காலை எழுப்பினேன். எழவில்லை. தலைமாட்டில் பாட்டில் இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது.

எல்லோரும் வாயில் பால் ஊற்றினார்கள். என் முறை வந்தபோது பாட்டிலோடு நின்றேன். "மாமா, நான் இத ஊத்தட்டுமா?" என்று எங்கள் தாய்மாமன், பெரிய மாமாவைக் கேட்டேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். "முழுசா ஊத்துடா. இனிமே யாரு தடுக்கப் போறா" என்றார்.

ஊற்றினேன். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாகக் காதோரம் வழிந்தது. என் துண்டால் துடைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரருக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு பாடை தூக்கிய அறைப் பிள்ளைகளுக்கும், அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வருஷத் திதிக்குள் எழுதித் தரும்படி அக்கா மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உட்காருவேன், எழுந்துவிடுவேன். இன்று மழை பிடித்திருக்கிறது. மாடிக் குழாய் வழியாக சம்ப்பில் தண்ணீர் விழுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதி முடித்தேன்.

ஐப்பசி அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.