தம்பிக்கு ஏடு தொடக்கிய நாள்

டொபி இனிப்பைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பிள்ளைகள் நீங்கள் கேட்டால் வாங்கித் தருவேன், நான் தின்பதில்லை. அந்தக் கோபத்துக்கு இருபது வயதாகிறது. அதில் பாதி மாமாவின் மேல். மற்றப் பாதி யார் மேல் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லிவைக்கப் போகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை உள்துறைமுகத்துக்குக் கிட்ட, படகு கட்டும் ஜெட்டியிலிருந்து கூப்பிடு தூரம். அப்பாவுக்கு மூதூருக்குப் போகும் படகில் வேலை. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. படகு சங்கு ஊதினால் “பூம்” என்பான், அவ்வளவுதான். ஆனால் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா என்றால் இரண்டு கையாலும் சுக்கானைத் திருப்பிக் காட்டுவான். தண்ணீர் என்றால் செம்பைத் தட்டுவான். பக்கத்து வீட்டுப் பூனை குசினிக்குள் வந்துவிட்டது என்பதைக்கூட விரலை மீசையாக்கிச் சொல்லிவிடுவான். எனக்கு எல்லாம் விளங்கும். அவன் கையைத் தூக்க முதலே, “அம்மா, அவனுக்குத் தண்ணியாம்” என்பேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

அந்த வருசம் கிளினிக் தாதி அவனைப் பார்த்துவிட்டு, பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பழக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அப்பா போகத்தான் இருந்தார். மாமா விடவில்லை.

மாமா அம்மாவின் அண்ணன். சீனன்குடாவில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. பின்னேரமானால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். அப்பாவுக்குப் படகில் வேலை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆகையால் எங்கள் வீட்டின் ஒரே நல்ல கதிரையும் அவருக்கு, கடைசிச் சொல்லும் அவருக்கு.

“ஆஸ்பத்திரிக்கோ? சும்மா இருங்கோ மச்சான். நாளைக்கு ஊமை எண்டு பேர் வைச்சுப்போடுவாங்கள். எங்கட பரம்பரையில ஆர் ஊமை? இவன் கள்ளன். வாயில கொழுக்கட்டை. கேக்க முதல் எல்லாத்தையும் கையில குடுக்கிறியள், பிறகு ஏன் கதைக்கப் போறான்?”

அப்பா தலையைச் சொறிந்தார். “விஜயதசமிக்கு ஏடு தொடக்குவம் அத்தான். ஐயரோட சேந்து ‘அ’ சொன்னாச் சரி. சொல்லாட்டி நான் கொண்டு போவன்.”

அன்று முதல் டொபி வைத்தியம் தொடங்கியது. மாமா கதிரையில் இருந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு டொபியை எடுத்துத் தம்பியின் மூக்குக்கு நேரே பிடிப்பார்.

“அ சொல்லு. சொன்னா உனக்கு. சொல்லாட்டி எனக்கு.”

தம்பி கையை நீட்டுவான். மாமா கடதாசியை மெல்ல உரித்துத் தன் வாயில் போட்டுச் சப்பிக் காட்டுவார். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு பின்னேரமும். ஒரு நாள் தம்பி பொறுக்காமல் மாமாவின் பையைப் பிடித்து உலுப்பினான்.

“பாருங்கோவன் துரைக்கு வாற கோபத்தை! எல்லாம் இருக்கு, வாய் மட்டும் இல்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நான் வெளியே போய் மாமாவின் மோட்டார் சைக்கிளில் இரண்டு சில்லுக்கும் காற்றைத் திறந்துவிட்டேன். மாமா வேர்க்க வேர்க்கச் சந்திவரை உருட்டிக்கொண்டு போனார். அப்பா எனக்கு அடித்தார். அவ்வளவு நோகாமல் அவர் அடித்தது அன்றைக்கு மட்டும்தான்.

விஜயதசமியன்று கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். தட்டில் பச்சரிசி. ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவார், பிள்ளை கூடவே சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் இருந்த சிறுமி எல்லா உயிரெழுத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “இன்னும் சொல்லட்டோ?” என்று கேட்டாள்.

தம்பி மாமாவின் மடியில் இருந்தான். நான் மாமாவின் முதுகுக்குப் பின்னால்.

“சொல்லுங்கோ ராசா, அ.”

நாதஸ்வரமும் மணியும் காதை அடைத்தன. விரல் அரிசியில் வளைந்து போனது. தம்பியின் வாய் மூடியபடி இருந்தது. ஐயர் மறுபடியும் சொன்னார். பின்னால் ஒரு மனிசி, “என்ன, பிள்ளை கதைக்காதோ?” என்றார். மாமாவின் காது சிவந்தது. அவருடைய கை கீழே போய்த் தம்பியின் தொடையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். கிள்ளிய நகம் வெளுத்துப் போயிருந்தது.

தம்பி அழவில்லை. ஐயரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல வாயைத் திறந்தான்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இந்த மனிதரின் கிள்ளலும் வேண்டாம், ஆஸ்பத்திரி ஊசியும் வேண்டாம். தொண்டையை இறுக்கிக்கொண்டு, சின்னக் குரலில், மாமாவின் தோளோடு ஒட்டி “அ” என்றேன்.

“சொல்லிப்போட்டான்!” மாமா துள்ளி எழும்பினார். “பாத்தியளோ மச்சான்! என்ர டொபி வைத்தியம்!”

பை நிறைய இருந்த டொபியைத் தம்பியின் கையில் கொட்டினார். அவன் அத்தனையையும் நிலத்தில் விழவிட்டு என்னையே பார்த்தான். நான் கண்ணடித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் அவன் கையைப் பிடித்தேன். என் மணிக்கட்டில் பல் பதியக் கடித்துவிட்டான். ஒருவனைக் காப்பாற்றினால் இதுதான் கூலி என்று எனக்கு அவன் மேலும் கோபம்.

அப்பா தாதி எழுதிக் கொடுத்த துண்டை அலுமாரியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே வைத்துவிட்டார்.

பிறகும் தம்பி ‘அ’ சொல்லவில்லை. முந்தி அவன் கதைக்க ஏலாத பிள்ளை. இப்போது கதைக்க ஏலும், ஆனால் கதைக்காத பிள்ளை. “ஒருக்காச் சொன்ன வாய்தானே? கொழுப்பு!” என்றார் மாமா. அம்மாகூடச் சோற்றுத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சோறெண்டு சொல்லு” என்று நிற்கத் தொடங்கினார். நான் குறுக்கே கதைத்தால் எனக்கும் சோறு இல்லை. எல்லோர் மேலும் எனக்குக் கோபம். ஆனால் உண்மையைச் சொல்ல என் வாயும் திறக்கவில்லை.

பத்து மாதம் போனது. ஒரு மத்தியானம் தம்பி செம்பைத் தட்டினான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் கொஞ்சநேரம் நின்று பார்த்தான். பிறகு கிணற்றடிக்குப் போய், உடுப்பு ஊறப்போட்டிருந்த வாளியில் கையை விட்டு அள்ளிக் குடித்தான்.

நான் ஜெட்டிக்கு ஓடினேன். கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பேப்பருக்குக் கீழே கையைவிட்டுத் துண்டைத் தேடினார். அன்று பின்னேரம் மாமா வாயைத் திறக்க முதலே, “அத்தான், நாளைக்கு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போறம். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி இல்லை. பேச்சுப் பழக்கும் மிஸ் படங்களை மேசையில் பரப்பினார். படகுப் படத்தைத் தூக்கி, “இது என்ன?” என்று தம்பியைக் கேட்டார்.

“படகு மிஸ்” என்றேன் நான்.

“நீங்கள் இல்ல அண்ணா. அவர் சொல்லோணும். பொறுங்கோ.”

பொறுத்தோம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். தம்பி மிஸ்ஸின் உதட்டைப் பார்த்தான். பிறகு மெல்ல வாயைத் திறந்தான்.

“பூம்.”

“ஓம், பூம்! படகு!” மிஸ் கைதட்டினார். தம்பி சிரித்தான்.

அதே பார்வையையும், அப்படியே மெல்லத் திறந்த வாயையும் பத்து மாதத்துக்கு முதல் கோயிலில் நான் கண்டிருக்கிறேன். ஆனால் அங்கேயும் அவன் சொல்லத்தான் வாயைத் திறந்தான் என்பது எனக்கு அப்போது மூளையில் ஓடவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, அன்றைக்கு மாமாவைக் கடிக்க வேண்டியவன் ஆள் மாறி என்னைக் கடித்துவிட்டான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.