கடைசிப் பெட்டி ஹாலித்துக்கு

திருச்சி தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் டோக்கன் கொடுக்கும் ஷரபுன்னிசாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. வரிசையை முந்தி எவனாவது உள்ளே நுழையப் பார்த்தால், "உங்க பல்லு மட்டும்தான் வலிக்குதா? இவங்கல்லாம் ஏசி காத்து வாங்க வந்தவங்களா?" என்று கேட்டு உட்கார வைத்துவிடுவாள். நாற்பத்தொரு வயது. பிறந்தது பாலக்கரை, வாழ்க்கைப்பட்டது காட்டூர். அப்படிப்பட்டவள் தினமும் மத்தியானம் லுஹர் தொழுது முடித்ததும் டிவி முன்னால் சம்மணம் போட்டு வீடியோ கேம் விளையாடுவாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போங்கள், அது உண்மை.

பழக்கிவிட்டவன் புருசன் ஹாலித். துபாய்ப் பக்கம் நடுக்கடலுக்குச் சாமான் ஏற்றிப் போகும் படகில் வேலை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் சேர்ந்து குடும்பம் நடத்தியது, எல்லா லீவையும் கூட்டினாலும் மூன்று வருஷம் தேறாது. ஒரு லீவில் ஒரே மாதிரி இரண்டு கேம் மெஷின் வாங்கினான். ஒன்றை வீட்டில் வைத்தான், இன்னொன்றைத் தன் ரூமுக்கு எடுத்துப் போனான்.

கேமில் ஒரு கீரிப்பிள்ளை ஓடும், தாவும், விழும். இதுவரை ஐந்து பாகம் வந்திருக்கிறது. பாகத்துக்குப் பாகம் காடு மாறும், கோட்டை மாறும், வில்லன் மாறுவான். மாறாதது மரப்பெட்டி ஒன்றுதான். குறுக்கே இரண்டு பட்டை அடித்த பெட்டி. கீரி எம்பி அதன்மேல் குதித்தால் பலகை சிதறும், உள்ளேயிருந்து கொய்யாப்பழம் உருளும். இண்டர்நெட் வழியாக இரண்டு மெஷினுக்கும் ஒரே உலகம். அங்கே அவன் உடைத்த பெட்டி இங்கேயும் உடைந்துதான் கிடக்கும்.

இதில் இரண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு. எந்தக் கட்டத்திலும் கடைசிப் பெட்டியை அவள் தொடமாட்டாள். அது அவனுக்கு. கடலிலிருந்து ரூமுக்குத் திரும்பியதும் அவன் உடைப்பான். மறுநாள் மத்தியானம் பலகை சிதறிக் கிடப்பதைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்கும். மனுசன் கரை சேர்ந்துவிட்டான், ரூமில் படுத்திருக்கிறான் என்று அர்த்தம். மகள் அல்ஷிஃபா பிளஸ் டூ படிக்கிறாள். "ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்களாட்டம்" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

போன வருஷம் அந்தப் படகு கவிழ்ந்தது. ஐந்து பேரில் இரண்டு பேர் உடல் கிடைத்தது, இரண்டு பேர் பிழைத்தார்கள். ஹாலித் கிடைக்கவில்லை. பிழைத்த இருவரும் அவன் முங்கியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். கம்பெனியிலிருந்து கடிதமும் வந்தது. இறந்ததாக எடுத்துக்கொள்ள இதுவே போதும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். ஹாலித்தின் அண்ணன் ஜமால் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"ஷரபு, மனசைக் கல்லாக்கிக்கம்மா. இத்தா இருக்கணும்ல."

புருசனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இருப்பு அது. அதில் உட்கார்ந்தால் ஊர் முன்னால் அவன் மவுத்தானதை அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. ஷரபுன்னிசா அவரை நேராகப் பார்த்தாள்.

"எதுக்கு மச்சான்? அவங்க நேத்துகூடப் பெட்டி உடைச்சிருக்காங்க."

உண்மைதான். சேதி வந்த ஒன்பதாம் நாள், கை என்ன செய்கிறது என்று தெரியாமலே டிவியைப் போட்டாள். அவள் விட்டுவைத்திருந்த கடைசிப் பெட்டி உடைந்திருந்தது. அடுத்த கட்டத்தை ஆடி, அதிலும் ஒன்றை விட்டுவைத்தாள். மறுநாள் அதுவும் உடைந்திருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜமால் சும்மா விடவில்லை. "ரூம்ல இருக்கறவன் எவனாவது வெளையாடுவான்மா" என்று சொல்லி, ஹாலித்தின் ரூம் கூட்டாளி தஹ்ஸீனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மெஷினை, சேதி வந்த அன்னைக்கே ஒயரைப் புடுங்கிட்டேன் லாத்தா" என்றான் தஹ்ஸீன். "அவர் சாமானோட சேத்துக் கட்டி வச்சிருக்கேன். யாரும் தொடல, வல்லாஹி" என்று ஆணையிட்டான்.

ஜமாலுக்கு முகம் வெளிறிவிட்டது. ஷரபுன்னிசாவோ விடுவாளா? வேறு எங்கேயாவது கரை ஒதுங்கி, வேறு மெஷினில் ஆடுகிறார் என்றாள். பேப்பர் இல்லாமல் போலீசில் மாட்டிக்கொண்டிருப்பார் என்றாள். "ஜெயில்ல கேம் மெஷின் குடுப்பாங்களாம்மா?" என்று ஜமால் கேட்டதற்கு, "உங்களுக்குத் தம்பி செத்தாத்தான் நிம்மதியா?" என்று ஒரு போடு போட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தெருவில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேச்சானது. பேசினால் பேசட்டும், நான் புருசன் உள்ளவள் என்று வளையலைக் கழற்றாமல் வேலைக்குப் போனாள்.

சேதி வந்து மூன்று மாசம் ஆனது. பெட்டி உடைந்துகொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அல்ஷிஃபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது. கீரி கடைசிப் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தது. ஷரபுன்னிசா வழக்கம்போல அதை விட்டுவிட்டு, கண்ட்ரோலரைத் தரையில் வைத்தாள்.

"ம்மா, நீங்க என்னை அடிச்சாலும் பரவால்ல. அது நான்தாம்மா."

"எது?"

"பெட்டி. நீங்க சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் நான்தான் உடைச்சேன். நீங்க சாப்பிடவே மாட்டேன்னீங்க, அதான்." விசும்பினாள். "தஹ்ஸீன் மாமாவுக்குப் போன் போட்டாங்கல்ல, அன்னைக்கோட நிறுத்திட்டேன். மாட்டிக்குவேன்னு பயந்துட்டேன். அப்புறம் உடைஞ்சதெல்லாம் நீங்களே உடைச்சுக்கறீங்கன்னு நெனச்சேன். எங்கம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு..."

ஷரபுன்னிசா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அந்தப் போன் பேசி இரண்டரை மாசம் ஆகிறது. அதற்குப் பிறகு எழுபது பெட்டியாவது உடைந்திருக்கும்.

"நான் தொடலடி" என்றாள். "ஒண்ணைக்கூட நான் தொடல."

அல்ஷிஃபா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். கண்ட்ரோலர் தரையில் கிடந்தது. இருவர் கையும் மடியில். மகள் டிவியின் பக்கம் திரும்பி, தகப்பனைக் கூப்பிடுவது போல மெல்லக் கேட்டாள்.

"அத்தா, நீங்களா?"

பெட்டி ஒருதரம் ஆடியது. கீரி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பட்டை இரண்டும் விரிந்து, பலகை சிதறி, கொய்யாப்பழம் உருண்டு வந்து நின்றது.

"ம்மா! அத்தா இருக்காங்கம்மா!" அல்ஷிஃபா துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா? உயிரோட இருக்காங்கம்மா, நீங்க சொன்னதுதான் சரி!"

ஷரபுன்னிசா எழுந்திருக்கவில்லை. மூன்று மாசமாகச் சொட்டுக்கூடக் கண்ணீர் விடாதவளுக்கு இப்போது தாரை தாரையாகக் கொட்டியது. வலது கையால் இடது கை வளையலைப் பிடித்து இழுத்தாள். சதையைக் கீறிக்கொண்டுதான் கழன்றது.

"ஏம்மா அழறீங்க? என்னம்மா பண்றீங்க?"

"ஜமால் பெரியத்தாவுக்குப் போன் போடு. நான் இத்தா இருக்கறேன்னு சொல்லு."

"ஏன்? இப்பத்தானேம்மா நம்ம கண்ணு முன்னாடியே..."

"நீ வாய்க்குள்ள முணுமுணுத்தே. அடுப்படியில யாராவது இருந்திருந்தாக்கூடக் கேட்டிருக்காது" என்றாள் ஷரபுன்னிசா. "உசுரோட எங்கயோ இருக்கற மனுசனுக்கு அது எப்படிடி கேக்கும்?"